இரண்டாம் கிருஷ்ணப்ப நாயக்கர்

இரண்டாம் கிருஷ்ணப்ப நாயக்கர் செஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆட்சி புரிந்த நாயக்க மன்னர் ஆவார். இவர் 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்தவர். வெள்ளாற்றங்கரைப் பகுதி இவரது ஆட்சியின்கீழ் இருந்தது.

எழுச்சி

விஜயநகரப் பேரரசின் பிரதிநிதிகளாகத் தமிழகம் வந்த நாயக்கர்கள் செஞ்சி, தஞ்சை, மதுரை ஆகிய மூன்று அரசுகளை நிறுவினர். 1565இல் தலைக்கோட்டைப் போரில் பேரரசு வீழ்ச்சியுற்றபின் இவ்வரசுகள் வலுப்பெற்றன. பேரரசர் இரண்டாம் வேங்கடரை எதிர்த்த கிருஷ்ணப்பர் சிறையிடப்பட்டார். தஞ்சை இரகுநாத நாயக்கரின் முயற்சியால் இவர் விடுதலை பெற்றதாகத் தஞ்சை இலக்கியங்கள் கூறுகின்றன.

சிதம்பரம் திருப்பணி

1597இல் இயேசு சபையைச் சேர்ந்த பிமென்டா பாதிரியார் இவரைச் சிதம்பரத்தில் சந்தித்தார். அப்போது கிருஷ்ணப்பர் நடராசர் கோயில் வளாகத்திலுள்ள கோவிந்தராசப் பெருமாள் சன்னதியை விரிவுபடுத்தி வந்தார். தீட்சிதர்கள் இதனைக் கடுமையாக எதிர்த்தனர். அவர்களுள் பலர் கோபுரத்தினின்று குதித்து உயிர்நீத்தனர் என்றும், ஆயினும் பணி நிறுத்தப்படவில்லை என்றும் பிமென்டா எழுதியுள்ளார். அதே மன்னர் வெள்ளாற்று முகத்துவாரத்தில் தாம் அமைத்த புதிய நகரில் கிறித்தவத் தேவாலயம் கட்டவும் அனுமதி வழங்கினார். அந்நகர் இன்றைய பரங்கிப்பேட்டை எனக் கருதப்படுகிறது.

தோப்பூர்ப் போர்

பேரரசர் வேங்கடர் 1614இல் இறந்தபின் வாரிசுரிமைப் போர் மூண்டது. கிருஷ்ணப்பர் ஜக்கராயன் பக்கமும், இரகுநாதர் எதிர்ப்பக்கமும் நின்றனர். கல்லணைக்கு அருகிலுள்ள தோப்பூரில் ஜக்கராயன் அணி தோல்வியுற்றது. செஞ்சியைத் தவிர மற்றக் கோட்டைகளைக் கிருஷ்ணப்பர் இழந்தார். வலிமை குன்றிய செஞ்சி அரசு, 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படைகளிடம் வீழ்ந்தது.

எஞ்சியுள்ள சின்னங்கள்

செஞ்சிக் கோட்டையிலுள்ள கல்யாண மகால், நெற்களஞ்சியங்கள், வேங்கடரமணர் கோயில் ஆகியவை நாயக்கர் காலத்தைச் சேர்ந்தவை. வேங்கடரமணர் கோயிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துச் சென்ற கற்றூண்களைப் புதுச்சேரிக் கடற்கரையில், காந்தி சிலையைச் சுற்றிக் காணலாம். 2025இல் செஞ்சிக் கோட்டை, மராத்தியப் படைத்தள நிலப்பரப்பின் பகுதியாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாயிற்று. நாயக்கர் காலக் கலையை ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கோயிலின் பதினாறுகால் மண்டபத்திலும் காணலாம். அதன் தூண்களில் நாயக்கர்களின் உருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. இம்மண்டபம் தஞ்சை அச்சுதப்ப நாயக்கருடன் தொடர்புபடுத்தப்படுகிறது.