ஜேம்ஸ் வாட்டும் மரப்பெட்டிக்குள் அடங்கிய வரைகருவியும்

நீராவி இயந்திரத்துடன் சேர்த்தே ஜேம்ஸ் வாட்டின் பெயரை நாம் பாடசாலையில் கற்றோம். ஆனால் அவர் தமது வாழ்க்கையை ஆரம்பித்தது கணிதக் கருவிகளைச் செய்பவராகவே என்பது பலரும் அறியாதது.

ஸ்கொட்லாந்தின் கிரீனொக் துறைமுக நகரில் 1736 ஜனவரி 19 ஆம் திகதி வாட் பிறந்தார். பாட்டனார் தோமஸ் வாட் கணித ஆசிரியர். தந்தையார் கப்பல் தொழிலிலும் மாலுமிகளின் கருவிகளைப் பழுதுபார்ப்பதிலும் ஈடுபட்டவர். உளியும் அளவுகோலும் அவரது கைக்குப் புதியன அல்ல. இலண்டனில் ஓராண்டு பயிற்சி பெற்றுத் திரும்பிய அவருக்கு, 1757 இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் தனது வளாகத்திலேயே பட்டறை அமைக்க இடமளித்தது.

அங்கு உருவானதே நாம் இங்கு குறிப்பிட விரும்பும் வரைகருவி. அவரது நண்பரான வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், ஹர்ஸ்ட் என்பவர் அமைத்த கருவியொன்றை இந்தியாவிலிருந்து கொண்டுவந்திருந்தார். 1765 அளவில் வாட் அதனைத் திருத்தியமைத்தார். நிலையான துளையொன்றினூடாகக் கண்ணை வைத்து, எதிரே தெரியும் கட்டடத்தின் விளிம்புகள் மீது குறிமுள்ளை நகர்த்தினால், இணைகரச் சட்டங்களுடன் பொருத்தப்பட்ட பென்சில் அதே உருவைத் தாளில் வரையும். வில்லையோ கண்ணாடியோ இதற்குத் தேவையில்லை. மடித்தால் மேலங்கிப் பையினுள் அடங்கும் மரப்பெட்டி. விரித்தால் அதுவே வரைபலகை. ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் அவர் இவற்றைச் செய்து விற்றார்.

இதற்கு வாட் ஆக்கவுரிமை பெறவில்லை. இலண்டனின் புகழ்பெற்ற கருவி வணிகரான ஜோர்ஜ் அடம்ஸ், இதனைப் பார்த்துச் செய்து தமது பெயரைப் பொறித்து விற்றார். பின்னாளில் நீராவி இயந்திர விடயத்தில் வாட் காட்டிய கடுமைக்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றே நாம் எண்ணுகின்றோம். 1769 இல் பெற்ற ஆக்கவுரிமையை 1775 இல் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் 1800 வரை நீடித்துக்கொண்ட அவர், போட்டியாளர்களை நீதிமன்றத்துக்கு இழுக்கவும் தயங்கவில்லை. இதனால் மற்றவர்களின் முன்னேற்றம் தடைப்பட்டதாகக் கூறுவோர் இன்றும் உளர். அக்குற்றச்சாட்டை முற்றாகத் தள்ளிவிட முடியாது. மேலும், மூலக் கருவியை ஆக்கிய ஹர்ஸ்டை இன்று எவரும் நினைப்பதில்லை.

பேர்மிங்ஹாமில் போல்டனுடன் கூட்டுச் சேர்ந்து பெருஞ்செல்வம் ஈட்டிய பின்னரும், ஹீத்ஃபீல்ட் இல்லத்து மேல்மாடி அறையில் அவர் கருவிகளுடனேயே காலம் கழித்தார். சிலைகளைப் பிரதிசெய்யும் இயந்திரங்களை அங்குதான் அமைத்தார். கருங்கற்பாறை உருகிக் குளிர்வதை ஆராய்ந்த அவரது இளைய மகன் கிரகரி, காசநோயால் 1804 இல் 27 வயதில் காலமானார்.

1819 ஓகஸ்ட் 25 இல் வாட் மறைந்ததும் அவ்வறை பூட்டப்பட்டது. 1924 இல் அதிலிருந்த பொருட்கள் இலண்டன் விஞ்ஞான அருங்காட்சியகத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டன. எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட அப்பொருட்களிடையே, கிரகரியின் பாடசாலைப் புத்தகங்களும் கடிதங்களும் அடங்கிய பெட்டியும் இருந்தது.