மில் தொழிலாளிக்காக தனி ஆளாக நின்ற ராணுவ டாக்டர்: டி.எம்.நாயரின் வாழ்க்கை

கும்மிடிப்பூண்டி:

கும்மிடிப்பூண்டி சிப்காட், காக்களூர், திருமழிசை என்று திருவள்ளூர் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் கம்பெனிகள்தான். ஷிப்டு நேரம் தாண்டி வேலை பார்த்தால் ஓ.டி. காசு கேட்கிறோம். ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கணும்னு சட்டம் இருப்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் 1911-க்கு முன்னால் அப்படி ஒரு சட்டமே ஆண் தொழிலாளிக்கு கிடையாது. அந்தக் காலத்தில் வேலை நேரத்துக்கு வரம்பு வேண்டும் என்று அரசாங்க கமிஷனிலேயே தனியாக நின்று எழுதிக் கொடுத்தவர் ஒரு டாக்டர். பிறகு ராணுவத்திலும் சேவை செய்தவர். அவர்தான் டாக்டர் டி.எம்.நாயர்.

சீமையில் படித்த டாக்டர்

தாரவாத் மாதவன் நாயர் என்பது அவரது முழுப்பெயர். 1868-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி மலபாரில் உள்ள திரூரில் பிறந்தார். அப்போது மலபாரும் சென்னை மாகாணத்தில்தான் இருந்தது. அப்பா மாவட்ட முன்சீப். சகோதரி தாரவாத் அம்மாளு அம்மாள் மலையாள எழுத்தாளர்.

பாலக்காட்டில் பள்ளிப்படிப்பு. அப்புறம் சென்னை மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி. அங்கிருந்து கப்பல் ஏறி ஸ்காட்லாந்தில் உள்ள எடின்பரோவுக்குப் போனார். 1896-ல் எம்.டி. பட்டம் வாங்கினார்.

1897-ல் சென்னை திரும்பியவர் காது, மூக்கு, தொண்டை டாக்டராகப் பெயர் எடுத்தார். 1904-ல் தொடங்கிய 'ஆன்டிசெப்டிக்' என்ற மருத்துவப் பத்திரிகைக்கும் ஆசிரியராக இருந்தார். அதே ஆண்டு திருவல்லிக்கேணி சார்பில் சென்னை மாநகராட்சி உறுப்பினர் ஆனார். 12 வருஷம் அந்தப் பதவியில் இருந்தார்.

14 மணி நேர வேலை

1905 வாக்கில் பம்பாய் பஞ்சாலைகளில் மின்சார விளக்கு வந்தது. அதுவரை இருட்டினால் வேலை நின்றுவிடும். விளக்கு வந்ததும் கதையே மாறியது. தினமும் 14 மணி நேரம், சில இடங்களில் அதற்கு மேலும் தொழிலாளிகளைப் பிழிந்தெடுத்தார்கள்.

1891-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு 11 மணி நேரம், குழந்தைகளுக்கு 7 மணி நேரம் என்று வரம்பு இருந்தது. ஆமாம், 9 வயது குழந்தை அப்போது மில்லில் வேலை பார்க்கலாம். ஆனால் வயது வந்த ஆண்களுக்கு எந்த வரம்பும் இல்லை.

பிரச்சினை பெரிதானதும் 1907-ல் தொழிற்சாலை தொழிலாளர் கமிஷனை அரசாங்கம் அமைத்தது. அதில் டாக்டர் நாயரும் ஒரு உறுப்பினர்.

1908-ல் அறிக்கை வந்தது. வேலை நேரம் அதிகம்தான் என்று கமிஷன் ஒத்துக்கொண்டது. ஆனாலும் வயது வந்த ஆண்களின் வேலை நேரத்தில் சட்டம் நேரடியாகத் தலையிடக் கூடாது என்று சொல்லிவிட்டது. சிறுவர்களின் நேரத்தைக் குறைத்தால் ஆண்களின் நேரமும் தானாகக் குறையும் என்பது அவர்கள் கணக்கு.

டாக்டர் நாயர் அதை ஏற்கவில்லை. தனி ஆளாக எதிர்ப்புக் குறிப்பு எழுதினார். நீண்ட நேர வேலை தொழிலாளியின் உடம்பைக் கெடுக்கிறது, ஆண்களுக்கும் 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று நேரடியாக சட்டம் போட வேண்டும் என்பது அவர் வாதம்.

12 மணி நேரமா என்று இப்போது கேட்கத் தோன்றும். ஆனால் 14, 15 மணி நேரம் நின்றவனுக்கு அது பெரிய விடுதலை.

1911-ல் வந்த சட்டம் நாயர் கேட்ட வழியில்தான் போனது. பஞ்சாலைகளில் ஆண்களுக்கு அதிகபட்சம் 12 மணி நேரம், குழந்தைகளுக்கு 6 மணி நேரம் என்று ஆனது. இந்தியத் துணி போட்டிக்கு வருவதைப் பார்த்து, லங்காஷயர் மில் முதலாளிகளும் தங்கள் லாபத்துக்காக இதற்கு நெருக்கடி கொடுத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் கமிஷனுக்குள் உட்கார்ந்து தொழிலாளியின் உடம்புக்காகப் பேசியவர் நாயர்தான்.

கப்பல் ஆஸ்பத்திரியில்

1914-ல் முதல் உலகப்போர் மூண்டது. எம்டன் கப்பல் சென்னை துறைமுகத்துக்கு அருகே எண்ணெய் டாங்குகளைக் குண்டு வீசி எரித்தது அந்த ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதிதான்.

அந்தப் போரில் காயம்பட்ட சிப்பாய்களைக் காப்பாற்ற சென்னை மாகாண மக்களின் நிதியில் ஒரு கப்பல் ஆஸ்பத்திரி இயங்கியது. கப்பலின் பெயரே 'மெட்ராஸ்'. அதில் லெப்டினன்ட் அந்தஸ்தில் ராணுவ சர்ஜனாகப் பணி செய்தார் நாயர். அப்போது வயது 46-ஐ தாண்டிவிட்டது. ஊரில் நல்ல பிராக்டிஸ், பதவி, செல்வாக்கு எல்லாம் இருந்தும் போனார். அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் கொடுத்தது.

எதிரிகள் கைகோர்த்தனர்

மாநகராட்சியில் பி.தியாகராய செட்டியாருக்கும் நாயருக்கும் ஆகவே ஆகாது. திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் குளம் விவகாரத்தில் மோதல் முற்றி, பதவியை உதறிவிட்டார் நாயர். 1916-ல் டெல்லி சட்டசபை தேர்தலிலும் தோற்றார்.

இந்த இரண்டு பேரையும் பேசி சேர்த்து வைத்தவர் இன்னொரு டாக்டர், சி.நடேச முதலியார். 1916 நவம்பர் 20-ந் தேதி சென்னை வேப்பேரியில் எத்திராஜ முதலியார் வீட்டில் கூட்டம் நடந்தது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் அப்படித்தான் பிறந்தது.

1917 பிப்ரவரி 26-ந் தேதி 'ஜஸ்டிஸ்' பத்திரிகை வெளிவந்தது. ஆசிரியர் நாயர். அந்தப் பத்திரிகையின் பெயரிலேயே கட்சியை ஜனங்கள் ஜஸ்டிஸ் கட்சி என்று கூப்பிட்டார்கள். தமிழில் நீதிக்கட்சி. அதே ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி எழும்பூர் ஸ்பர்டாங்கில் தாழ்த்தப்பட்ட மக்கள் மத்தியில் நாயர் பேசிய பேச்சு இன்றைக்கும் பேசப்படுகிறது.

அவருக்கு எதிரிகளும் நிறைய. அன்னிபெசன்ட் அம்மையாரின் ஹோம் ரூல் இயக்கத்தைக் கடுமையாக எதிர்த்ததால், வெள்ளைக்காரனுக்கு ஆதரவாளர் என்று காங்கிரசார் சாடினார்கள். அதற்கு முன்பே 1913-ல், 'ஆன்டிசெப்டிக்' கட்டுரைக்காக அன்னிபெசன்ட் கோர்ட்டில் அவதூறு வழக்கு போட்டார். ஜெயித்தது நாயர்தான்.

லண்டனில் மரணம்

பிராமணர் அல்லாதாருக்கு சட்டசபையில் தனி இடம் வேண்டும் என்று கேட்க 1918-ல் லண்டன் போனார். அங்கே பொதுக்கூட்டத்தில் பேசக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. சில பிரபுக்கள் தலையிட்டு தடையை நீக்கினார்கள்.

1919-ல் பாராளுமன்றக் குழு முன்பு சாட்சி சொல்ல மறுபடியும் லண்டன் போனார். ஆனால் சர்க்கரை வியாதி அவரை விடவில்லை. ஜூலை 17-ந் தேதி அங்கேயே இறந்தார். வயது 51. கோல்டர்ஸ் கிரீன் மயானத்தில் உடல் தகனம் செய்யப்பட்டது.

சர்க்கரை வியாதிக்காரர்களைக் காப்பாற்றும் இன்சுலின் 1921-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2 ஆண்டு முந்திப் போய்விட்டார் நாயர்.

பிறகு 28 இடங்கள் பிராமணர் அல்லாதாருக்கு ஒதுக்கப்பட்டன. 1920 தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்து சென்னை மாகாணத்தில் ஆட்சி அமைத்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

12-ல் இருந்து 9

வேலை நேரம் அதோடு நிற்கவில்லை. 1918-ல் பெரம்பூர் மில் தொழிலாளர்கள் சென்னை தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாடு முழுக்க போராட்டம் வளர்ந்தது. 1922-ல் 11 மணி, 1934-ல் 10 மணி என்று படிப்படியாகக் குறைந்தது. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம்.

அந்த 12 மணி நேரம் 2023-ல் திரும்பவும் எட்டிப்பார்த்தது. 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்த மசோதா ஏப்ரல் 21-ந் தேதி தமிழக சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன. 3 நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது. 1908-ல் நாயர் 12 மணியைக் கேட்டது, அதற்கு மேல் போகக் கூடாது என்பதற்காக. 2023-ல் 12 மணி வந்தது, 8 மணியைக் கூட்டுவதற்காக.

சென்னை தியாகராய நகரில் தியாகராயர் பேரில் ஏரியாவே இருக்கிறது. நடேசன் பேரில் பூங்கா இருக்கிறது. நாயர் பேரில் டாக்டர் நாயர் ரோடு இருக்கிறது. நம்ம ஊர் கம்பெனி பக்கம் அவர் பேரைச் சொல்வார் யாருமில்லை. ஆனால் ஷிப்டு முடிஞ்சு மணி அடிச்சதும் வீட்டுக்குக் கிளம்புகிற ஒவ்வொரு தொழிலாளியின் நேரத்திலும் அந்த டாக்டருக்கு ஒரு பங்கு இருக்கிறது.