ஏரும் எழுதுகோலும்

நாடகக் கொட்டகையிலிருந்து திரைப்படக் கூடத்திற்குத் தமிழ்க் கலையுலகம் இடம்பெயர்ந்த காலம் அது. பாட்டெழுதியே குடும்பத்தைக் காத்துவிடலாம் என்று துணிந்தவர்கள் சிலர். அவர்களுடைய வீடுகளில் அடுத்த மாதத்துச் செலவுக்கு எவ்வித உறுதியும் இருந்ததில்லை. அவ்வாறு துணிந்து, புகழ்பெற்று, தேடிய பொருளை ஒரே முயற்சியில் இழந்து, உழவுக்குத் திரும்பி, மீண்டும் எழுதவந்த ஒருவரின் வாழ்க்கை இங்குக் கூறப்படுகிறது.

கொள்ளிடத்தின் வடகரையில்

தெற்கே கொள்ளிடம்; வடக்கே வெள்ளாறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பெரம்பலூர், அரியலூர் நிலப்பரப்பின் பெரும்பகுதி வானத்தை நம்பிய மானாவாரி நிலம். பருத்தி, நிலக்கடலை, முந்திரி ஆகியன அங்கு விளைவன. கொள்ளிடத்தை ஒட்டிய ஊர்களில் மட்டும் நெல்லும் கரும்பும் செழிக்கும். இப்பகுதியைச் சேர்ந்த மேலக்குடிகாடு என்னும் சிற்றூரில், 1920ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், ஐயம்பெருமாள் உடையார், மிளகாயி அம்மாள் இணையருக்கு மகனாகப் பிறந்தார் அ. மருதகாசி. அந்நாளில் அவ்வூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

இக்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கு மேற்படிப்பு என்றால் ஆற்றைக் கடந்து குடந்தைக்குச் செல்வதே வழக்கம். மருதகாசியும் சென்றார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இடைநிலை வகுப்பு வரை பயின்றார். சிறுவயதிலேயே செய்யுள் புனையத் தொடங்கிவிட்ட அவருக்குக் கல்லூரியைவிடப் பெரிய பயிற்சி வேறோர் இடத்தில் கிடைத்தது. பாபநாசம் சிவனின் உடன்பிறந்தவரான இராசகோபால ஐயரை ஆசிரியராகக் கொண்டு அவர் பாட்டியற்றும் கலையைக் கற்றார். செய்யுள் எழுதுவது வேறு. பாடுவதற்கு ஏற்ற பாட்டு எழுதுவது வேறு. எந்த எழுத்தில் குரல் நீளும், எந்த எழுத்தில் மூச்சு முட்டும் என்பதை அறிந்தவனே பின்னதைச் செய்ய இயலும். இசைவாணர் குடும்பமொன்றின் தொடர்பில் இளமையிலேயே இதனைக் கற்றது அவருக்கு வாழ்நாள் முதலாயிற்று.

குடந்தை நகராட்சியில் அவர் சில காலம் பணியாற்றினார். மாத ஊதியம் தரும் வேலை. ஆயினும் அவ்வேலையில் அவர் நிலைக்கவில்லை; நாடகம் அவரை இழுத்துக்கொண்டது.

கம்பெனி வீடும் குடும்ப வீடும்

அக்கால நாடகக் குழுவின் வாழ்க்கையை அறியாமல் மருதகாசியின் துணிவை அளவிட முடியாது. சங்கரதாசு சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு ஒரு நாடக சபையைத் தொடங்கினார். அதில் சேர்ந்து வளர்ந்தவர்களே பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் எனப் புகழ்பெற்றனர். இத்தகைய குழுக்கள் 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்டன. தந்தையை இழந்த எம்.ஜி. சக்கரபாணியும் அவர்தம் தம்பி எம்.ஜி. இராமச்சந்திரனும் குடந்தையில் படித்துக்கொண்டிருந்த பருவத்தில், வீட்டு வறுமையால் அத்தகைய குழுவொன்றில் சேர்க்கப்பட்டனர். சிவாஜி கணேசனும் சிறுவயதிலேயே வீட்டைவிட்டு நாடகக் குழுவுக்குச் சென்றவரே.

குழு தங்கும் இடத்திற்குக் 'கம்பெனி வீடு' என்று பெயர். அங்கேயே உணவு, உறக்கம், பாடம், ஒத்திகை அனைத்தும் நடைபெறும். ஊர் ஊராகக் குழு நகரும்போது வீடும் நகரும். பெற்ற தாயைக் காண்பது ஆண்டில் சில நாள்களே. நாடகத்தையும் பாட்டையும் சொல்லித் தரும் ஆசிரியரே தந்தையின் இடத்தில் இருந்தார். அவரை 'வாத்தியார்' என்று பிள்ளைகள் அழைத்தனர். வயது ஏறிக் குரல் உடையும் பருவத்தை 'மகரக்கட்டு' என்பர். அப்பருவம் வந்த சிறுவன் நேற்றுவரை பாடிய பாட்டை இன்று பாட இயலாமல் நிற்பான். அவனுடைய இடமே கேள்விக்குறியாகிவிடும். பாட்டெழுதுபவர் மேடையில் நிற்கும் பிள்ளையின் தொண்டையையும் எண்ணித்தான் எழுதவேண்டியிருந்தது.

1940களில் சிறுவர் குழுக்களின் காலம் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. வளர்ந்த நடிகர்களைக் கொண்ட சபைகள் புதிய கருத்துகளுடன் மேடையேறின. அவற்றுள் ஒன்று தேவி நாடக சபை. அதன் நாடகங்களுக்கு மருதகாசி பாடல்கள் எழுதினார். குண்டலகேசி காப்பியத்தின் ஒரு நிகழ்ச்சியை அடிப்படையாகக் கொண்டு மு. கருணாநிதி எழுதிய 'மந்திரிகுமாரி' நாடகத்திற்கும் அவர் பாட்டெழுதினார். திருச்சி லோகநாதன் இசையமைத்தார். எழுதுபவர், இசையமைப்பவர், நாடக ஆசிரியர் ஆகிய மூவருமே இளைஞர்கள். மூவருடைய பெயரும் நாடகக் கொட்டகைக்கு வெளியே பரவலாக அறியப்படாத காலம் அது.

மருதகாசி தனக்கோடி அம்மாளை மணந்துகொண்டவர். ஆண்மக்கள் அறுவர், பெண்மக்கள் மூவர் என ஒன்பது பிள்ளைகளுக்குத் தந்தையானவர். நாடகத்திலும் பிறகு திரைப்படத்திலும் பாட்டுக்கு ஒருமுறை தரப்படும் தொகையோடு கணக்கு முடிந்துவிடும். அப்பாட்டு ஐம்பது ஆண்டுகள் ஒலித்தாலும் எழுதியவர் வீட்டுக்கு மறுபடியும் ஒன்றும் வருவதில்லை. நகராட்சி ஊதியத்தைக் கைவிட்டு இப்பாதையில் நடந்தவருக்கு இல்லத்தார் துணை எத்துணை வேண்டியிருந்திருக்கும் என்பதை எளிதில் உணரலாம். வரலாற்று நூல்கள் தனக்கோடி அம்மாளைப் பற்றி ஓரிரு வரிகளோடு நின்றுவிடுகின்றன. கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளில் பொதுவாகவே காணப்படும் குறை இது.

சேலத்திலிருந்து சென்னைக்கு

நாடகப் பாடல்களின் புகழ் சேலத்தை எட்டியது. அங்கு டி.ஆர். சுந்தரம் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், ஓர் ஆலையைப் போன்ற ஒழுங்குடன் இயங்கிய திரைப்பட நிறுவனம். அந்நிறுவனத்தின் 'மாயாவதி' (1949) படத்தின் வழியாக மருதகாசி திரையுலகில் நுழைந்தார். இசையமைத்தவர் ஜி. இராமநாதன். மெட்டு முதலில் பிறக்கும்; அதன் நெளிவுகளுக்குள் பொருளை அடக்கிச் சொற்களை நிரப்பவேண்டும். குடந்தையில் கற்றது இங்குக் கைகொடுத்தது.

மறுஆண்டே 'மந்திரிகுமாரி' திரைப்படமாயிற்று. மேடைக்கு எழுதியவரே திரைக்கும் எழுதினார், கவிஞர் கா.மு. ஷெரீப்பும் உடன் எழுதினார். திருச்சி லோகநாதன் அப்படத்தில் பாடகராக ஒலித்தார். கதைத்தலைவனாக நடித்தவர், ஒருகாலத்தில் குடந்தையிலிருந்து கம்பெனி வீட்டுக்குச் சென்ற அதே எம்.ஜி. இராமச்சந்திரன். நாடகக் கொட்டகை அப்படியே திரைக்குள் குடிபெயர்ந்தது போன்ற நிகழ்ச்சி இது.

அடுத்த பத்தாண்டுகள் மருதகாசியின் காலம். 'தூக்குத் தூக்கி' (1954), 'மங்கையர் திலகம்' (1955), தமிழின் முதல் வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'உத்தம புத்திரன்' (1958) என அவர் எழுதிய படங்களின் வரிசை நீளும். 'மங்கையர் திலகம்' படத்திற்காக அவர் எழுதிய தாலாட்டை ஆர். பாலசரஸ்வதி தேவி பாடினார். கண்ணனை முன்னிறுத்திக் குழந்தையைக் கொஞ்சும் அப்பாட்டு, திரையரங்கை விட்டு வெளியேறி வீடுகளின் தூளிக்கு அருகில் வந்து சேர்ந்தது. 'ரம்பையின் காதல்' (1956) படத்தில் இடுகாட்டில் நின்று மனிதர் அனைவரும் சமம் என உணர்த்தும் பாடலைச் சீர்காழி கோவிந்தராஜன் பாடினார். தாலாட்டையும் இடுகாட்டுப் பாட்டையும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே கை எழுதியிருக்கிறது. இரண்டிலும் அகராதியைத் தேடவேண்டிய சொல் ஒன்றும் இல்லை.

அவருடைய பாடல்களுள் தனித்து நிற்பது, 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) படத்திற்காக எழுதிய உழவர் பாட்டு. படம் கொங்குத் தமிழைத் திரையில் ஒலிக்கச் செய்தது. டி.எம். சௌந்தரராஜன் பாட, சிவாஜி கணேசன் நடித்த அப்பாட்டில், மாடு பூட்டுவது முதல் விளைச்சலை விற்றுக் காசாக்குவது வரை உழவனின் ஓராண்டு முழுவதும் அடங்கியிருக்கிறது. எவ்வூர் மாடு, எவ்வகை நெல், எவ்வூர்ச் சந்தை என்னும் விவரங்கள் ஒவ்வொன்றும் சரியாக இருக்கின்றன. காசு வந்தபின் அதனை வீட்டில் யாரிடம் தரவேண்டும் என்பதையும் கவிஞர் மறக்கவில்லை. வயலைச் சாலையிலிருந்து பார்த்தவரால் இப்படி எழுத முடியாது. இப்பாட்டை வேறு கவிஞரின் பெயரில் ஏற்றிச் சொல்வோர் இன்றும் உளர்.

இழப்பு

பாட்டெழுதுபவருக்கு நிலையான வருவாய் இல்லை. படம் எடுப்பவருக்கே வருவாய் என்னும் எண்ணம் அக்காலக் கவிஞர்கள் பலரை ஆட்டிவைத்தது. கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' எடுத்து வென்றார். 1959இல் 'சிவகங்கைச் சீமை' எடுத்துக் கடனாளியானார். அதே 1959இல் மருதகாசியும் திரையுலக நண்பர்களுடன் கூட்டுச் சேர்ந்து 'அல்லி பெற்ற பிள்ளை' என்னும் படத்தைத் தயாரித்தார். கே. சோமு இயக்கினார், கே.வி. மகாதேவன் இசையமைத்தார். 'மக்களைப் பெற்ற மகராசி'யில் இணைந்திருந்த அதே கைகள். ஆயினும் படம் ஓடவில்லை. பத்தாண்டுப் பாட்டுழைப்பில் சேர்த்த பொருள் கரைந்தது.

பெரிய குடும்பத்தின் தலைவரான கவிஞர் சென்னையைவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பினார், உழவில் ஈடுபட்டார். ஏரோட்டத்தைப் பாட்டாக்கியவர் அப்பாட்டு நாடெங்கும் ஒலித்துக்கொண்டிருந்தபோதே ஏரை நம்பி வாழத் தொடங்கினார். தோல்வியுற்றவருக்குத் திரும்பிச் செல்ல நிலம் இருந்தது என்பதைச் சிறிய செய்தியாகக் கருதக்கூடாது. அந்நிலம் இல்லாத கலைஞர்கள் பலர் சென்னையின் வாடகை அறைகளிலேயே மறைந்துபோயினர்.

திரையுலகம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 1959 அக்டோபரில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில் மறைந்தார். விசுவநாதன், இராமமூர்த்தி இரட்டையரின் மெல்லிசை ஓங்கியது. கண்ணதாசன் தம் கடன்களை அடைப்பதற்கென்றே இரவு பகலாகப் பாட்டெழுதி உச்சத்தை அடைந்தார். கொள்ளிடக் கரையில் இருந்தவருக்கு வாய்ப்புகள் அருகின.

மீண்டும்

1967ஆம் ஆண்டு. சனவரியில் துப்பாக்கிக் குண்டடி பட்டு உயிர்தப்பிய எம்.ஜி.ஆர். அவ்வாண்டிலேயே மீண்டும் நடிக்கத் தொடங்கினார். சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர் அவரை நாயகனாகக் கொண்டு எடுத்த படத்தின் பெயர் 'விவசாயி'. மருதகாசியின் பாட்டுக்கு அதில் இடம் கிடைத்தது. இசையமைப்பாளர், இழப்பைச் சந்தித்த படத்திலும் உடனிருந்த கே.வி. மகாதேவன்.

நாடு உணவுப் பற்றாக்குறையில் தவித்த நேரம் அது. அமெரிக்கக் கோதுமை கப்பலில் வந்தது. நியாயவிலைக் கடைகளில் வரிசைகள் நீண்டன. புதிய குறுகியகால நெல் வகைகள் காவிரிப் படுகையில் அறிமுகமாகிக்கொண்டிருந்தன. உழவனைக் கடவுள் கண்டெடுத்த தொழிலாளியாக உயர்த்தியும், அயல்நாட்டுத் தானியத்தை நம்பும் நிலை ஏன் என்று வினவியும் மருதகாசி எழுதினார். டி.எம். சௌந்தரராஜன் பாடிய அப்பாட்டு, உழவர் கூட்டங்களில் இன்றும் ஒலிபெருக்கியில் முதலாவதாக ஒலிக்கக் கேட்கலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் வயலில் நின்றவர் என்பதை அறிந்தோர்க்கு அப்பாட்டின் உறுதி வியப்பளிக்காது.

அதன்பின் வாய்ப்புகள் வந்தன. ஆயினும் 1950களின் பெருக்கம் மீளவில்லை. 'திரைக்கவித் திலகம்' என அழைக்கப்பட்ட அவர் 1989ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் மறைந்தார். 2007இல் அவருடைய பாடல்களைத் தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கியது. எழுதிய நாளில் ஒருமுறை தொகை பெற்றதோடு முடிந்திருந்த கணக்கில், அரசு வழங்கிய பரிவுத்தொகை அவருடைய மரபுரிமையரைச் சென்றடைந்தது. 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து பெரம்பலூர் மாவட்டத்தில் அடங்கிய அவருடைய ஊர்ப்பகுதி, அதே 2007ஆம் ஆண்டு நவம்பரில் அரியலூர் மாவட்டமாக அமைந்தது.