அடங்காப் பிள்ளைகளின் அன்னை
டாக்டர் மரியா மாண்டிசோரி அம்மையார்



பரிசளிப்பு விழா என்றாலே மேடையேறிக் கோப்பை வாங்கும் பிள்ளைகளைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவோம். அது நியாயந்தான். ஆனால் மண்டபத்தின் கடைசி வரிசையில் நாற்காலியை ஆட்டிக்கொண்டு, பக்கத்துப் பையனைச் சீண்டிக்கொண்டு ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறதே, அதுவும் நம் பிள்ளைதானே? வாலு, முரடு, அடங்காதது, உருப்படாதது என்று நாம் பட்டம் கட்டிவிட்ட அந்தப் பிள்ளையைப் புரிந்துகொள்ளத் தம் வாழ்நாளையே செலவிட்ட ஒரு மாதரசியின் வரலாற்றை இம்மலரில் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டுப் பட்டணங்களில் பாலர் பள்ளிப் பெயர்ப்பலகைகளில் மாண்டிசோரி என்ற சொல்லைப் பார்த்திருப்பீர்கள். ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைப்பவர்களும் உண்டு. அது ஒரு பெண்மணியின் பெயர். இத்தாலி நாட்டில் பிறந்து, நம் தமிழ் மண்ணில் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானல் மலையிலும் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பாடுபட்டவர் அவர்.

பிறப்பும் படிப்பும்

மரியா 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகஸ்தர். மகள் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றதும் அவருக்குப் பிடிக்கவில்லை. அம்மாதான் துணை நின்றார். அந்தக் காலத்தில் பெண்கள் மருத்துவம் படிப்பதே அதிசயம். பிணத்தை அறுத்துப் பார்க்கும் பாடத்தை ஆண் மாணவர்களோடு சேர்ந்து ஒரு பெண் செய்வது முறையல்ல என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் போன பிறகு தன்னந்தனியாக அந்த அறையில் நின்று படித்தார் மரியா. 1896ஆம் ஆண்டு ரோம் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதல் பெண்களுள் அவரும் ஒருவர்.

ரொட்டித் துணுக்கு சொன்ன பாடம்

படிப்பு முடிந்து மனநல மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தபோது ரோம் நகரத்துப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளுக்கு அவர் போய்வர வேண்டியிருந்தது. புத்தி வளர்ச்சி குறைந்த சிறு பிள்ளைகளையும் அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு வெற்று அறை. கையில் எடுக்க ஒரு சாமான் கிடையாது. சாப்பாடு முடிந்தவுடன் இந்தப் பிள்ளைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்குகின்றன, அசிங்கம் பிடித்தவை என்று காவல் பார்த்த அம்மாள் முகம் சுளித்தாள்.

மரியா அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வயிறு நிறைந்த பிள்ளைகள் எதற்குத் துணுக்கைப் பொறுக்க வேண்டும்? பொறுக்கியதை உருட்டுகின்றன, நசுக்குகின்றன, விரலால் தடவிப் பார்க்கின்றன. அந்த அறையில் கைக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பொருள் அதுதான்! அது வயிற்றுப் பசி இல்லை, கையின் பசி, மூளையின் பசி என்று அவருக்கு விளங்கியது.

ஒரே காட்சியைத்தான் இருவரும் பார்த்தார்கள். ஒருத்திக்கு அது கெட்ட பழக்கமாகத் தெரிந்தது. மற்றவருக்கு அது ஒரு கேள்வியாகத் தெரிந்தது. அம்மையாரின் பிற்கால வேலை முழுவதும் இந்த வித்தியாசத்திலிருந்து வளர்ந்ததுதான்.

பிரெஞ்சு மருத்துவர்களான இட்டார், செகேன் ஆகியோர் இத்தகைய பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன முறைகளைத் தேடிப் படித்தார். 1900ஆம் ஆண்டு ரோமில் தொடங்கப்பட்ட சிறப்புப் பள்ளியில் காலை முதல் இரவு வரை பிள்ளைகளோடு இருந்தார். எதற்கும் லாயக்கில்லை என்று தள்ளப்பட்ட பிள்ளைகளில் சிலர், சாதாரணப் பிள்ளைகளோடு சேர்ந்து பரீட்சை எழுதித் தேறினார்கள். ஊரே புகழ்ந்தது. அம்மையாருக்கோ வேறு கவலை. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு எட்டிப்பிடிக்க முடிந்தால், நல்ல ஆரோக்கியமான பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் ஏன் இந்த மட்டத்திலேயே நிற்கிறார்கள் என்று யோசித்தார்.

சுவரைக் கெடுத்த பிள்ளைகள்

தோட்டத்துக்காரர்களாகிய நமக்கு நன்றாகப் புரியும் கதை இனிமேல்தான் வருகிறது.

ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் வட்டாரம். தாயும் தகப்பனும் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடி, சுவரில் கிறுக்கி, கண்டதை உடைத்துத் திரிந்தன. கட்டடக்காரர்களுக்குத் தங்கள் சுவரைப் பற்றிக் கவலை. பிள்ளைகளை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் போதும் என்று ஓர் அறையைக் கொடுத்தார்கள். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள் அம்மையாரின் முதல் குழந்தைகள் இல்லம் அங்கே திறக்கப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். அழுமூஞ்சிகள், பயந்தாங்கொள்ளிகள், முரடுகள் எல்லாரும் இருந்தார்கள்.

நம் தோட்டங்களில் அம்மா அப்பா இருட்டோடு பெரட்டுக்குப் போக, பிள்ளைகள் ஆயாக்கொட்டகையில் கிடந்த காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பலர் தாமான் வீடுகளுக்கும் தொழிற்சாலை வேலைக்கும் போய்விட்டோம். ஆனாலும் பெற்றோர் வேலையிலும் பிள்ளை தனியாகவும் இருக்கும் நிலை மாறிவிட்டதா என்ன?

அம்மையார் பிள்ளைகள் தூக்கக்கூடிய சின்ன நாற்காலி, சின்ன மேசை செய்வித்தார். கூட்டுவது, கழுவுவது, சாப்பாட்டு மேசை போடுவது போன்ற நிஜமான வேலைகளைக் கொடுத்தார். மர உருளைகளைச் சரியான குழிகளில் பொருத்தும் கட்டை, தடவிப் படிக்கும் உப்புத்தாள் எழுத்து முதலியவற்றையும் வைத்தார். பிறகு ஓரமாக உட்கார்ந்து கவனித்தார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி அந்த உருளைகளை எடுப்பதும் பொருத்துவதுமாக நாற்பது தடவைக்கு மேல் செய்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாட்டுப் பாட வைத்தாலும் தலை நிமிரவில்லை. முடித்து எழுந்தபோது நன்றாகத் தூங்கி விழித்தவள்போல் முகம் மலர்ந்திருந்தாள். பிள்ளைகளுக்கு ஒருமனப்பாடு கிடையாது என்று யார் சொன்னது? அதைத் தூண்டும் வேலை கிடைத்ததும் அது தானே வந்தது.

இன்னொரு நாள் ஆசிரியை அலமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் அவர் வருவதற்குள் பிள்ளைகள் சாமான்களை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கிவிட்டார்கள். இது திருட்டு, தண்டிக்க வேண்டும் என்றார் ஆசிரியை. அம்மையார் அப்படி நினைக்கவில்லை. தமக்கு எது வேண்டும் என்று பிள்ளைகளுக்கே தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். அதன் பிறகு பூட்டிய அலமாரி போய், பிள்ளைகளின் கைக்கெட்டும் தாழ்வான அலமாரி வந்தது.

மற்றொரு சமயம் மூக்குச் சிந்துவது எப்படி என்று ஒரு பாடம் நடத்தினார். கைக்குட்டையை எடுத்துச் சத்தமில்லாமல் துடைத்துக் காட்டினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தால், பிள்ளைகள் கைதட்டினார்கள்! மூக்கொழுகி என்று எத்தனை பேர் ஏசியிருப்பார்கள்! எப்படித் துடைப்பது என்று அதுவரை ஒருவரும் பொறுமையாகக் காட்டிக் கொடுக்கவில்லை. நாம் ஏசுகிற ஏச்சில் பாதி, சொல்லிக் கொடுக்காத காரியத்துக்காகத்தான் இருக்கிறது. சற்றே எண்ணிப் பாருங்கள்.

பரிசும் தண்டனையும்

இன்றைய விழாவுக்குப் பொருத்தமான ஒரு செய்தி. ஒரு வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைக்கு ஒரு பதக்கம் மாட்டியிருந்தார்கள். குறும்பு செய்த பிள்ளையை நடுவில் தனியாக உட்கார வைத்திருந்தார்கள். பதக்கக்காரனோ வேலை மும்முரத்தில் இருந்தான். பதக்கம் இடைஞ்சலாகப் போய், கேட்ட அந்தத் தண்டனைக்காரனிடமே கொடுத்துவிட்டான்! அன்றிலிருந்து பரிசும் தண்டனையும் அம்மையாருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. வேலையில் ருசி கண்ட பிள்ளைக்கு வேலையே பரிசு என்றார். மாணவச் செல்வங்களே, அதற்காக உங்கள் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்! கோப்பை கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம் என்பதற்காகவே சொல்கிறேன்.

அப்படியானால் பிள்ளையைக் கண்டபடி ஆட விடுவதா, செல்லம் கொடுத்துக் குட்டிச்சுவராக்குவதா என்று கேட்பீர்கள். இல்லை. பிறரைத் துன்புறுத்துவதையும் முரட்டுத்தனத்தையும் உடனே நிறுத்த வேண்டும் என்பதில் அம்மையார் கண்டிப்பானவர். சொல் கேளாமல் தொல்லை கொடுக்கும் பிள்ளைக்கு ஒரு மூலையில் தனி மேசை போடுவார். பிடித்த சாமான்கள் அங்கே இருக்கும். மற்றவர்கள் வேலை செய்வது அங்கிருந்து நன்றாகத் தெரியும். நோயாளிப் பிள்ளையிடம் பேசுவதுபோல அதனிடம் பரிவாகப் பேசுவார். அடியும் கிடையாது, அவமானமும் கிடையாது. நாளடைவில் அந்தப் பிள்ளை தானாகவே மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்ய விரும்பும்.

தாயின் துயரம்

பிறர் பிள்ளைகளை அணைத்த இந்த அம்மையார் தம் சொந்தப் பிள்ளையைத் தம்மோடு வைத்து வளர்க்க முடியாமல் போனார். 1898ஆம் ஆண்டு, மணம் ஆகாத நிலையில், அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். அன்றைய சமூகம் அதைப் பொறுக்காது. பிள்ளை கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்ந்தது. அம்மையார் போய்ப் பார்த்து வருவார், தாய் என்று சொல்லிக்கொள்ளாமலே. மரியோவுக்குப் பதினைந்து வயதானபோதுதான் தாயும் மகனும் சேர்ந்தார்கள். அப்போதும் ஊருக்கு அவன் மகன் என்று சொல்லவில்லை. கடைசி வரை அம்மையாரின் வலக்கையாக இருந்தவர் அந்த மரியோவே.

தமிழ் மண்ணில்

அம்மையாரின் பள்ளிகளை முதலில் ஆதரித்த முசோலினியின் ஆட்சி பிறகு பகையாயிற்று. இத்தாலியிலும் ஹிட்லரின் ஜெர்மனியிலும் பள்ளிகள் மூடப்பட்டன. 1939ஆம் ஆண்டு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, அறுபத்தொன்பது வயதில் அம்மையார் மகனுடன் அடையாறு வந்து சேர்ந்தார். சுமார் 300 பேர் பயிற்சிக்கு வந்தார்கள். ஓலைக் கொட்டகைகளில் வகுப்பு நடந்தது.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும், பிரிட்டிஷ் அரசாங்கம் மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாற்றை விட்டு வெளியே போகக்கூடாது என்றது. இரண்டு மாதங்களுக்குப் பின், ஆகஸ்டு 31ஆம் நாள், அவருடைய எழுபதாம் பிறந்தநாளுக்கு வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதில் கண்டிருந்தது. இத்தனை காலம் வெளியே சொல்லாத உறவை அரசாங்கமே மகன் என்று எழுதிவிட்டது! பின்னர் கொடைக்கானலில் இருந்தபோது மலையும் காடுமே பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பறையாயின. 1946ல் ஐரோப்பா திரும்பி, மீண்டும் இந்தியா வந்து பணி செய்தார். 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

இந்தியாவில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949ல் அடையாற்றில் நூலாக வந்தன. தடைபட்ட பிள்ளைகள் இரு வகை என்று அதில் விளக்குகிறார். பலமுள்ள பிள்ளை தடையை எதிர்த்து அடிக்கும், உடைக்கும், கத்தும். பலம் குறைந்த பிள்ளை அடங்கிப்போகும். எதற்கெடுத்தாலும் அழும், அம்மா முந்தானையை விடாது, பயப்படும், பொய் சொல்லும், சாப்பிடாது. முதல் பிள்ளைக்கு ரோத்தான் கிடைக்கிறது. இரண்டாவது பிள்ளைக்கு நல்ல பிள்ளை என்ற பெயர் கிடைக்கிறது. உண்மையில் இரண்டும் உதவி கேட்கும் பிள்ளைகளே. சத்தமில்லாத பிள்ளையைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

அடியாத மாடு படியாது என்கிறோம். மாடு படியலாம். பிள்ளை அடிக்குப் பயந்து ஒளிக்கத்தான் கற்றுக்கொள்ளும். கோபம் வரும்போது இவற்றை ஒருமுறை யோசியுங்கள். பிள்ளை பசியோடு இருக்கிறதா? நேற்று இரவு தூங்கியதா? காது சரியாகக் கேட்கிறதா? கரும்பலகை தெரிகிறதா? ஐயமிருந்தால் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். கற்பதில் குறை உள்ள பிள்ளைகளுக்கு அரசாங்கமே சிறப்புக் கல்வி வகுப்புகள் நடத்துகிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, அதன் கைக்கு வேலை இருக்கிறதா? வெங்காயம் உரிக்க, துணி மடிக்க, செடிக்குத் தண்ணீர் ஊற்ற விடுங்கள். சிந்தினால் சிந்தட்டும், துடைக்கவும் சொல்லிக் கொடுங்கள். கைப்பேசியைக் கொடுத்தால் பிள்ளை சத்தம் போடாமல் இருக்கும். ஆனால் கையின் பசி அதில் தீராது.

மாணவச் செல்வங்களே, உங்கள் பக்கத்தில் இருக்கும் குறும்புக்காரனை ஆசிரியரிடம் கோள் சொல்லாமல், விளையாட்டுக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். பெற்றோர்களே, அந்தக் கடைசி வரிசைப் பிள்ளையை வீட்டில் ஒரு வேலையை முழுசாகச் செய்ய விட்டு, பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பாருங்கள். அதன்பின் பள்ளிக்கு வந்து எங்களிடம் பேசுங்கள். நாங்கள் வகுப்பில் கண்டதும் நீங்கள் வீட்டில் கண்டதும் சேர்ந்தால்தான் அந்தப் பிள்ளைக்கு வழி பிறக்கும்.

வளர்க நம் பிள்ளைகள்! வாழ்க தமிழ்ப்பள்ளி!