சுரங்கக் கூலி, பட்டேலின் வலது கை ஆனார்!
துப்பாக்கிக்கும் அசராத வி.பி.மேனன்

ஐ.சி.எஸ். பட்டம் கிடையாது. காலேஜ் வாசலை மிதித்ததே இல்லை. ஆனால் ராஜா, மகாராஜா எல்லாரும் இவர் நீட்டிய காகிதத்தில்தான் கையெழுத்துப் போட்டார்கள். அவர்தான் வி.பி.மேனன். மந்திரி சர்தார் பட்டேலின் வலது கை.

அன்றைய சென்னை மாகாணம், மலபார் ஜில்லா ஒற்றப்பாலத்தில் 1893-ல் பிறந்தவர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மகனோ படிப்பைப் பாதியில் விட்டுட்டு வீட்டை விட்டுக் கிளம்பிட்டார். சுரங்க வேலை, பெங்களூர் புகையிலைக் கம்பெனியில் குமாஸ்தா என்று அலைந்தார். 1914-ல் இந்திய சர்க்காரின் உள்துறையில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

துரைமார்கள் நிறைந்த ஆபீஸ். மேனன் ஃபைல்களைக் கரைத்துக் குடித்தார். 1942-ல் சீர்திருத்தக் கமிஷனர் நாற்காலி தேடி வந்தது. வைஸ்ராய்களுக்கே ஆலோசனை சொல்லும் இடம்!

சிம்லாவில் சிக்கல்

1947 மே மாதம். சிம்லாவில் மவுண்ட்பேட்டன் காட்டிய திட்டத்தைப் பார்த்து நேரு கொதித்துப் போனார். நாடு துண்டு துண்டாகச் சிதறிடும் என்று பயந்தார். மேனன் சில மணி நேரத்தில் மாற்றுத் திட்டம் எழுதிக் கொடுத்தார். ஜூன் 3-ந் தேதி அறிவிப்புக்கு அதுதான் அடிப்படை.

ஜூலையில் பட்டேலுக்கு சமஸ்தான இலாகா. மேனன் செயலாளர். சமஸ்தானங்களோ 550-க்கும் மேலே. சுதந்திரத்துக்கு ஆறு வாரம்தான் பாக்கி. ராணுவம், வெளிநாட்டு உறவு, தபால்-ரெயில் போன்ற தொடர்புகள் ஆகிய மூன்றை மட்டும் விட்டுக்கொடுத்தால் போதும் என்று வழி கண்டுபிடித்தார் மேனன். ராஜாக்கள் இறங்கி வந்தார்கள்.

நீட்டினார் துப்பாக்கி

ஜோத்பூரின் இளம் மகாராஜா அனுவந்த் சிங் மட்டும் முறுக்கினார். டெல்லியில் வைஸ்ராய் மாளிகையிலேயே மேனனை நோக்கித் துப்பாக்கியை நீட்டிட்டார். மேனன் அசையவில்லை. ஜோத்பூர் இந்தியாவோடு சேர்ந்தது. அக்டோபரில் காஷ்மீரில் ஆபத்து வந்தபோது ஸ்ரீநகருக்குப் பறந்தவரும் இவரே.

1950 டிசம்பர் 15-ல் பட்டேல் காலமானார். அத்தோடு மேனனின் செல்வாக்கும் சரிந்தது. 1951-ல் ஒரிசாவில் கொஞ்ச காலம் கவர்னராக இருந்துவிட்டு, பிறகு பெங்களூரில் ஒதுங்கினார். சமஸ்தான இணைப்பு பற்றி 1956-ல் ஒரு புத்தகம், அதிகாரம் கைமாறியது பற்றி 1957-ல் இன்னொன்று. இரண்டுமே பட்டேலுக்குக் கொடுத்த வாக்கு. 1965-ல் கண்மூடினார்.

பட்டேலுக்கு 2018-ல் 182 மீட்டர் உயரச் சிலை எழும்பியது. பக்கத்தில் நின்று ஃபைல் எழுதிய குமாஸ்தாவின் பேரைக் கேட்டால், பலர் முழிக்கிறார்கள்!