பெயர் நீக்கப்பட்ட விமானி

2005ஆம் ஆண்டு, ஜெர்மானிய விமானப்படையின் ஒரு பிரிவிலிருந்து ஒரு பெயர் நீக்கப்பட்டது. 32 ஆண்டுகளாக அப்பிரிவு தாங்கியிருந்த அந்தப் பெயருக்கு உரியவர், வெர்னர் மோல்டர்ஸ் என்னும் போர் விமானி.

மோல்டர்ஸ் 1913இல் பிறந்தார். குழந்தையாக இருந்தபோதே தந்தையை முதல் உலகப் போரில் பறிகொடுத்தார். இளைஞரானதும் விமானியாக விரும்பினார். ஆனால், மருத்துவச் சோதனையில் அவர் தகுதியற்றவர் என முடிவாகியது. பின்னர் பயிற்சியில் சேர்ந்தபோதும் வானில் ஏறினாலே தலைசுற்றலும் வாந்தியும் வாட்டின. அவர் பின்வாங்கவில்லை.

1938இல் ஸ்பெயினுக்குச் சென்றார். அங்கு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. அரசை எதிர்த்துப் போரிட்ட ஃபிராங்கோவுக்கு உதவ, ஹிட்லர் கோண்டோர் என்ற படையை அனுப்பியிருந்தார். அதில் இணைந்த மோல்டர்ஸ் 14 விமானங்களை வீழ்த்தினார். அக்காலத்தில் மூன்று விமானங்கள் நெருக்கமாகப் பறப்பதே வழக்கம். ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதிலேயே விமானிகளின் கவனம் போய்விடும். மோல்டர்ஸ் நான்கு விமானங்களை, விரித்த கையின் விரல் நுனிகளைப்போல் விலகிப் பறக்கச் செய்தார். இந்த எளிய மாற்றத்தைப் பின்னாளில் எதிரிகளான பிரிட்டிஷாரும் பின்பற்றினர்.

1941 ஜூலைக்குள் இரண்டாம் உலகப் போரில் அவர் வீழ்த்திய விமானங்கள் நூறைத் தாண்டின. புகழ்பெற்ற வீரரை இழக்க விரும்பாத நாஜி அரசு, அவர் போரில் பறக்கத் தடை விதித்தது. ஆயினும் அதே ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், மற்றொரு விமானியின் இறுதிச்சடங்குக்குப் பயணியாகச் சென்றபோது விமான விபத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 28.

அவர் இறந்த பிறகு ஒரு கடிதம் பரவியது. நாஜிகளைவிடத் தம் சமய நம்பிக்கையே பெரிது என அவர் எழுதியதாகப் பலரும் நம்பினர். உண்மையில் அதை எழுதிப் பரப்பியவர்கள் பிரிட்டிஷார். போலி என்று நாஜி அரசு மறுத்தபோது, அந்த ஒருமுறை அது உண்மையே சொன்னது! ஆனால், அதை நம்பாதவர் பலர்.

போருக்குப் பின், ஒரு போர்க்கப்பலுக்கும் 1973இல் விமானப்படைப் பிரிவுக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. கோண்டோர் படை 1937இல் கெர்னிக்கா நகரைக் குண்டுவீசி அழித்திருந்தது. அதனால், அப்படையினரை இனிச் சிறப்பிக்கக்கூடாது என ஜெர்மானிய நாடாளுமன்றம் 1998இல் தீர்மானித்தது. மோல்டர்ஸ் ஸ்பெயினுக்குச் சென்றதே ஓராண்டு கழித்துத்தான் என்று ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலர் வாதாடினர். அது சரிதான். ஆனால், அவர் போரிட்டது அதே படையில், அதே தரப்புக்காக என்பதும் மறுக்க முடியாதது. 2005இல் பாதுகாப்பு அமைச்சர் பெயரை நீக்கினார்.

ஓய்வுபெற்ற அந்தக் கப்பலோ இன்று வில்ஹெல்ம்ஸ்ஹாஃபன் நகரக் கடற்படை அரும்பொருளகத்தில், மோல்டர்ஸ் என்ற பெயருடனேயே நிற்கிறது.