ஓவியர் வில்லியம் ஹோகார்த்

ஒரு நாட்டாரின் இயல்பை அவர்தம் மொழியும் உடையும் புலப்படுத்துதல் போலவே, அவர் உண்ணும் உணவும் புலப்படுத்தும். இவ்வுண்மையைச் சித்திரத்தில் விளக்கிக் காட்டியவர்களுள் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் குறிப்பிடத்தக்கவர்.

இவர் 1697-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 10-ஆம் நாள், இலண்டன் மாநகரில் கால்நடைச் சந்தைக்குப் பேர்போன ஸ்மித்பீல்டுக்கு அருகே பிறந்தார். தந்தையார் இலத்தீன் மொழி வல்ல ஆசிரியர். வருவாய் போதாமையால், இலத்தீனிலேயே உரையாடுவதற்கென்று காப்பிக் கடையொன்று வைத்தார். கடை நொடித்தது, கடன் பெருகியது, அவர் பிளீட் சிறைச்சாலையில் அடைக்கப்பெற்றார். ஆகவே, வறுமை இன்னதென்பதை வில்லியம் இளமையிலேயே அறிந்தார். பின்னர் வெள்ளிப் பாத்திரங்களிற் செதுக்குவேலை பயின்று, 1720-இல் தனித்தொழில் தொடங்கினார். தம் படங்களைப் பிறர் களவாக அச்சிட்டு விற்பதைக் கண்டு மனம் பொறாது முயன்றதன் பயனாக, 1735-இல் செதுக்கோவியர் உரிமையைக் காக்கும் சட்டம் பிறந்தது.

1748-இல் இவர் பிரெஞ்சு நாடு சென்றார். கலே துறைமுகத்தின் பழைய கோட்டை வாயிலை வரைந்துகொண்டிருக்கையில், ஒற்றரெனக் கருதிக் காவலர் இவரைப் பிடித்தனர். விடுதலை பெற்று ஊர் திரும்பியவர், அச்சினத்தோடே ஓர் ஓவியம் தீட்டினார். அதன் நடுவே, ஆங்கிலேயர் தங்கும் விடுதிக்கெனச் சமையற்காரன் ஒருவன் பெரியதொரு மாட்டிறைச்சித் துண்டைச் சுமந்து தள்ளாடுகிறான். கொழுத்த துறவியொருவர் அதனை விரலால் தொட்டுப் பார்க்கிறார். மெலிந்த பிரெஞ்சுப் போர்வீரர் நீர்த்த கஞ்சியோடு நின்று ஏங்குகின்றனர். ஒரு மூலையில், நாடிழந்து வந்த ஸ்காத்லாந்து வீரனொருவன் வெங்காயமும் ரொட்டித் துண்டுமாகச் சோர்ந்து கிடக்கிறான். ஓவியரின் தோளிற் காவலன் கை விழுவதும் அங்கே காணலாம். இறைச்சி ஆங்கில நாட்டின் வளத்துக்கும் உரிமைக்கும் அடையாளமாயிற்று. கஞ்சி அயல்நாட்டின் அடிமைத்தனத்துக்கு அடையாளமாயிற்று. 1756-இல் பிரெஞ்சுப் படையெடுப்பைப் பற்றி மக்கள் அஞ்சிய காலத்தில் வெளியிட்ட படத்திலும், பகைவர் வாளிற் கோத்துத் தவளைகளைச் சுடுவதாகவே வரைந்தார். பிரெஞ்சு மக்களின் சமையற்றிறனுக்கு இச்சித்திரங்களில் இடமில்லை. சினம் கண்ணை மறைத்ததென்றே கூறல் வேண்டும்.

எனினும் இவர் வெறும் முகமன் பாடுபவரல்லர். 1751-இல் இரு படங்களைச் சேர்த்து வெளியிட்டார். ஒன்றில், பீர் என்னும் நாட்டுப் பானமும் இறைச்சியும் உண்டு மக்கள் களிக்கின்றனர். மற்றொன்றில், ஜின் என்னும் மதுவினால் நிலைகுலைந்த இலண்டன் தெருவைக் காண்கிறோம். தாயின் மடியினின்று குழவி நழுவி வீழ்கிறது. மனிதனொருவனும் நாயும் ஒரே எலும்பைக் கடிக்கின்றனர். கலேயில் அயலாரின் பசியைக் கண்டு நகைத்த அதே கரம், தன் வீட்டுப் பசியையும் மறைக்காது தீட்டிற்று. அவ்வாண்டிலேயே ஜின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டமும் நிறைவேறியது.

1764-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஹோகார்த் உயிர் நீத்தார். சிசிக் என்னும் ஊரின் திருக்கோயில் முற்றத்தில் அவரை அடக்கம் செய்தனர்.

தன் நாட்டு உணவைப் போற்றுதல் யாவர்க்கும் இயல்பு. அயலான் கலத்தை இகழ்தல் எளிது. தன் தெருவில் வெறுங்கலத்தோடு நிற்பவனை நோக்குதல் அரிது. அரியதையும் செய்தமையால் ஹோகார்த்தின் ஓவியங்கள் இன்றும் நின்று நிலவுகின்றன.